பரிமாற எழுந்தவருக்கே வீடு

(தைப்பூசத்தை ஒட்டிக் குறிஞ்சிப்பாடியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிதம்பரம் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே நடக்கிற ஒரு பெரிய விஷயத்தை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மற்ற கோயில்களில் திருவிழா என்றால் உற்சவர்தான் வீதிக்கு வருவார். மூலவர் இருந்த இடத்தில் இருப்பார். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரான நடராஜரே சிவகாமியம்மையோடு தேரேறிவிடுகிறார். தேர் நிலைக்கு வந்ததும் நேராகச் சித்சபைக்குத் திரும்புவதில்லை. ராத்திரி ஆயிரங்கால் மண்டபத்தில் தங்கல். விடியற்காலை அங்கேயே அபிஷேகம், அலங்காரம், அர்ச்சனை. சாமி வெளியே தங்கியிருக்கிறார் என்று பூஜையில் ஏதாவது குறைகிறதா? ஒரு குறையும் கிடையாது. அந்த ராத்திரிக்கு அதுதான் சந்நிதி.

இதை ஏன் சொல்கிறேன்? நம் ஊரில் தெருவுக்குத் தெரு சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் துபாய்க்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளிடம் பேசினால் ஒரு தவிப்பு தெரியும். அங்கே இருந்தால் இங்கே நினைப்பு; இங்கே வந்தால் மூன்றாம் நாளே அங்கே நினைப்பு. "நான் எந்த ஊர்க்காரன், சாமி?" என்று கேட்கிறார்கள்.

நம் வள்ளல் பெருமான் இராமலிங்க அடிகளைப் பாருங்கள். 1823-இல் மருதூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். தாயார் சின்னம்மை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தார். சென்னையில் முப்பது வருஷத்துக்கு மேல். கந்தகோட்டத்து முருகனையும் ஒற்றியூர்ச் சிவனையும் உருகி உருகிப் பாடியவர், "நான் மருதூர்க்காரன், இங்கே பிழைக்க வந்தவன்" என்று ஒதுங்கி நிற்கவில்லை. பிறகு இந்தப் பக்கம் திரும்பிவந்தார். வந்தவர் தமக்கென்று வீடா கட்டினார்? கருங்குழியில் இன்னொருவர் வீட்டில்தான் பல வருஷம் இருந்தார். 1867 மே 23-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. ஞான சபை வந்தது 1872-இல். முதலில் அடுப்பு, அப்புறம்தான் சபை. இதைக் கவனிக்கணும். தில்லையைப் பூர்வ ஞான சிதம்பரம் என்றார், வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்றார். ஒன்றை வைத்துக்கொள்ள இன்னொன்றைத் தள்ளவில்லை.

விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறவரைக்கும் எந்த ஊரும் சொந்த ஊர் ஆகாது, பிறந்த ஊர் உட்பட. பரிமாற எழுந்தவருக்குத்தான் அது வீடு.

விருந்தாளியாகவே இருந்துவிடுகிறவரை நம் தெருவிலேயே பார்க்கலாம். மூன்று மாடி, கிரானைட் தரை, வாசலில் பெரிய பூட்டு. கோலம் போடச் சம்பளத்துக்கு ஆள். வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து பொங்கலுக்கு வருவார். கொசு கடிக்கிறது என்று கடலூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கிவிட்டுப் போவார். அவருக்கு அங்கேயும் வாடகை வீடு, இங்கேயும் வாடகை அறை! (கோபித்துக்கொள்ளாதீர்கள், யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.)

பரிமாற எழுந்தவரையும் பார்க்கலாம். நாராயண பிள்ளை என்று ஒருவர். 1819-இல் பினாங்கிலிருந்து ஆங்கில அதிகாரி ராஃபிள்ஸோடு சிங்கப்பூரில் போய் இறங்கினார். செங்கல் சூளை போட்டார். பருத்தித் துணிக்கடை வைத்தார். கைலி நெய்கிற நமக்கு ஒருவகையில் உறவுதான். 1822-இல் கடை தீயில் போயிற்று. ஐந்து வருஷத்தில், 1827-இல், பலகையும் கீற்றுமாக மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுப்பினார். கப்பலில் வந்து இறங்கிய நம் ஆட்களுக்கு வேலை கிடைக்கும்வரை, குடியிருக்க இடம் கிடைக்கும்வரை, தலைசாய்க்க இடம் அந்தக் கோயில்தான். ஒரு காலத்தில் அங்கே இந்துக்களின் கல்யாணத்தை நடத்திவைக்கும் அதிகாரம் இருந்த கோயிலும் அதுதான். இப்போதுள்ள கட்டடம் 1862-63-இல் எழுந்தது. கடலூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கைத்திறன் என்கிறார்கள். பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர் வந்ததே அந்தக் கோபுரத்தால். சுற்றிலும் சீனர் கடைகள், நடுவில் நம் அம்மன். இங்கே நம் கிராமங்களில் பாரதம் படித்து, திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறோமே, அதே தீமிதி அங்கே 1840 முதல் நடக்கிறது. அம்மன் எந்த நாட்டுக்காரி என்று யாரும் பாஸ்போர்ட் கேட்டதில்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு அம்மா கேட்டார்கள்: "பேத்தி சிங்கப்பூரில் பொறந்தது சாமி. மொட்டையும் காதுகுத்தும் குலதெய்வம் கோயில்லதான் செய்யணுமா? மருமகளுக்கு லீவே கிடைக்கமாட்டேங்குது."

அம்மா, முதல் முடி குலதெய்வத்துக்கு. மஞ்சள் துணியில் காசு முடிந்து வையுங்கள். வரமுடிகிறபோது வரட்டும், தெய்வம் காத்திருக்கும். காதை அங்கேயே குத்துங்கள். தாய்மாமன் இங்கே இருந்தால் டிக்கெட் எடுத்து அனுப்புங்கள். ஆனால் ஹோட்டலில் கேக் வெட்டுகிற விழாவாக வேண்டாம். கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் பாடுபடுகிற நம் பக்கத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையானால் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் கூடியிருப்பார்கள். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனை மாசம் ஆகியிருக்குமோ! பத்துப் பேரைக் கூப்பிட்டு இலை போடச் சொல்லுங்கள். அதற்கு உங்கள் மருமகள் லீவு போட வேண்டியதில்லை.