எழுவாய் யார்?

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருப்பூரைப் பற்றி இரண்டு முறை தவறாகப் பேசினார்கள். அதுவும் நேர்எதிரான இரண்டு விதங்களில். ஜனவரி 14 அன்று வடமாநிலத் தொழிலாளர் சிலருக்கும் உள்ளூர்க்காரர் சிலருக்கும் ஒரு தகராறு. அந்தக் காணொளி மாதக் கடைசியில் பரவியபோது, வடக்கத்தியர் தமிழர்களை அடித்து விரட்டுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மார்ச் மாதம் அது அப்படியே தலைகீழானது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கிக் கொல்லப்படுகிறார்கள் என்று வட இந்தியாவில் செய்தி பரவியது. சான்றாகச் சுற்றிய காணொளிகளில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்கள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது.

பொய்க் காணொளி பொய்தான். அதில் எடைபோட ஒன்றுமில்லை. எடைபோட வேண்டியது அதற்கு அடுத்த படி. ஒரு கருத்துக் கட்டுரையில் தகவல் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் படித்து முடித்தவர் நடக்காத ஒன்றை நம்பி எழுந்து போகிறார். எழுதியவர்மீது குற்றம் உண்டா, இல்லையா?

அந்த மார்ச் 8 ஹோலிப் பண்டிகை. பண்டிகைக்கு முன்பு ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சுடன் கூட்டம். "ஊருக்குப் போகிறார்கள்" என்று எழுதினால் அது ஆண்டுதோறும் நடப்பது. "தப்பி ஓடுகிறார்கள்" என்று எழுதினால் அது கலவரம். கூட்டம் ஒன்றுதான், ரயிலும் ஒன்றுதான். வினைச்சொல் மட்டும் மாறியிருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு, மகனைத் திருப்பூருக்கு அனுப்பிய தாய் பீகாரில் தூக்கமில்லாமல் கிடக்கிறாள்.

இன்னும் நுட்பமான வழி எழுவாயில் இருக்கிறது. நாலு பேர் செய்ததை நாலு பேர் செய்தார்கள் என்று எழுதாமல், "வடமாநிலத்தவர்" செய்தார்கள், "தமிழர்கள்" செய்தார்கள் என்று எழுதுவது. நாலு பேரும் அந்த இனத்தைச் சேர்ந்தவர்கள்தானே, இதில் பொய் எங்கே என்று கேட்கலாம். நாலு பேருடைய வினையைச் சுமக்க ஓர் இனத்தையே எழுவாயாக நிறுத்தியதுதான் பொய். ஜனவரியிலும் மார்ச்சிலும் சாடப்பட்டவர்கள் வேறு வேறு. கையாண்ட உத்தி ஒன்றே.

சில இடங்களில் எழுவாய் பெருகாது, காணாமல் போகும். திருப்பூர் வழியே ஓடும் நதியைப் பற்றி "நொய்யல் மாசடைந்தது" என்ற வாக்கியம் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது! நதி தானாக மாசடைவதில்லை. சாயப்பட்டறைகள் உப்பும் சாயமும் கலந்த கழிவுநீரை அதில் விட்டன. தடுக்க வேண்டியவர்கள் உரிய காலத்தில் தடுக்கவில்லை. மலிவாகக் கொள்முதல் செய்தவர்கள் சாயத்தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கவில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமாகி, அதை நம்பியிருந்த நிலங்கள் கெட்டன. இத்தனை எழுவாய்களையும் விழுங்கிவிட்டு நதியை மட்டும் நிறுத்துகிற வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. யாரும் பொறுப்பாகவும் இல்லை.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. "நதியா, வேலையா?" என்ற கேள்வி அந்த நாட்களுக்கு உரியது. வேலை இழந்தவர்களின் துயரம் உண்மை. அதை எழுதியே ஆக வேண்டும். ஆனால் அந்த இரண்டே இரண்டு வாசல்களைக் காட்டியவர், மூன்றாவது வாசலை மறைத்தார். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2006-லேயே கெடு விதித்திருந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. விவசாயிகள் தொடுத்த வழக்கின் இந்த வரலாற்றைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் வைத்தால், நீதிமன்றம் ஒரு நாள் காலையில் திடீரென்று ஏழைகள் வயிற்றில் அடித்ததுபோலத் தோன்றும்.

பெயர் சூட்டுவதிலும் இது நடக்கிறது. நூற்பாலைகள் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, இறுதியில் மொத்தமாகத் தொகை தருவதாகச் சொன்ன முறைக்குச் "சுமங்கலித் திட்டம்" என்று பெயர். அந்தப் பெண் உழைத்துச் சேர்த்த கூலியைக் கல்யாணச் சீர்போலக் காட்டுகிற பெயர் அது. அதை விளக்கமின்றி அப்படியே எடுத்தாளும் கட்டுரையாளர், எதிர்த்து எழுதினாலும்கூட, பாதி வாதத்தை விட்டுக்கொடுத்துவிடுகிறார். வடமாநிலத் தொழிலாளர்களைக் குறிக்கும் "விருந்தினர் தொழிலாளர்" என்ற அன்பான சொல்லையும் யோசித்தே ஆள வேண்டும்: விருந்தாளி கூலி உயர்வு கேட்டு நிற்க முடியுமா?

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. கருத்துக் கட்டுரை தீர்ப்புரை அல்ல; பக்கம் சாய்வதே அதன் வேலை. அநீதியை நடுநிலையான சொற்களில் எழுதுவதும் ஒரு வகை ஏமாற்றுதான். நல்ல நோக்கத்துக்காகச் சொல்லைச் சற்று அழுத்தினால் என்ன? குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மைக்கு ஈடாகும் என்று வள்ளுவரே இடம் தரவில்லையா?

தருகிறார், ஆனால் விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அச்சேறிய சொல் யாரிடம் போகும், என்ன செய்யும் என்று எழுதியவருக்கே தெரியாதபோது, அந்த நிபந்தனையை நிறைவேற்றியதாக யார் சொல்லிக்கொள்ள முடியும்? தவிர, அழுத்தமாக எழுதுவது வேறு, மறைத்து எழுதுவது வேறு. "இது அநீதி, இன்னார் செய்தார், இன்ன காரணத்தால் அநீதி என்கிறேன்" என்று கொதித்து எழுதலாம். வாசகர் அதை மறுக்க முடியும். எழுவாயைப் பெருக்கியோ மறைத்தோ எழுதினால் மறுப்பதற்கு எதுவும் மிஞ்சாது; முடிவை வாசகருக்குப் பதிலாக எழுதியவரே எடுத்துவிடுகிறார்.

குற்றம் அங்கேதான். ஒன்றரை ஷிப்ட் முடித்து டீக்கடையில் பேப்பரைப் பிரிக்கிறவருக்கு, உத்தரவுகளைப் புரட்டிப் பார்க்க நேரம் கிடையாது. நேரம் இருக்கிறவர் எழுதியவர். அவரை நம்பித்தான் மற்றவர் படிக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையைத் தாண்டாத பீஸ் பெட்டிக்குள் போகாது; வாங்குகிறவர் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்க மாட்டார் என்பதால்தான் அந்த மேசை இருக்கிறது.

வாக்கியத்துக்கும் அப்படி ஒரு மேசை வேண்டும். அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதைச் செய்தது யார்? செய்தவரைவிட எழுவாய் பெரிதாக இருந்தால் குறைக்க வேண்டும். எழுவாயே இல்லையென்றால் தேடிச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்தக் கோபம் சேர வேண்டிய முகவரிக்குப் போய்ச் சேரும்.