மிஞ்சிய மாத்திரைகள்

அத்தானின் காரியங்களெல்லாம் முடிந்த மறுநாள், அவருடைய கட்டிலுக்கடியில் இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள் அக்காள். டப்பா நிறைய மாத்திரைகள். பல அட்டைகளில் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"எல்லாம் இருதயத்துக்கு வாங்கினது, தம்பி. கடையிலே திருப்பி எடுத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாரேன். இல்லேன்னா யாராவது ஏழைக்கு உதவட்டும்" என்றாள்.

கோரிப்பாளையத்துக் கடைக்காரர் டப்பாவைத் தொடவே இல்லை. "கடைப்படி இறங்கிப் போன மருந்து திரும்ப ஏறக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் சீட்டும் கையுமாக நின்றிருந்த ஒரு மனிதர், மேலூர்ப் பக்கத்து விவசாயக் கூலி, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "எங்க ஆத்தாளுக்கும் நெஞ்சுக் கோளாறுதான்யா. குப்பைக்குப் போறதுதானே, எனக்குக் குடுங்களேன். புண்ணியமாப் போகும்."

"அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமலே கொடுப்பார்களே?" என்றேன்.

"கொடுப்பாகய்யா. பஸ் கெடைச்சு வந்து சேர்றதுக்குள்ள நேரமாயிருச்சு. நாளைக்கு மறுபடி வரணும்னா இன்னொரு நாள் கூலி போயிரும்."

நீட்டிய கைக்கும் என் டப்பாவுக்கும் இடையே ஒரு முழ தூரம்தான். ஆயினும் என் கை எழவில்லை.

முப்பது டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைக்க வேண்டும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. தகரக் கூரையின் கீழ் ஒரு மதுரைச் சித்திரை முழுவதையும் அந்த டப்பா கழித்திருக்கிறது. வெந்து கெட்ட சோறு மணத்தில் தெரிந்துவிடும். வெப்பத்தில் வீரியம் இழந்த மாத்திரை நேற்றுப் போலவே வெள்ளையாகத்தான் இருக்கும்.

இரக்கத்துக்கும் செலவு உண்டு என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1992 முதல் 1996 வரை போரில் நொந்த போஸ்னியாவுக்கு நல்லெண்ணத்தோடு வந்து குவிந்த மருந்துகளில் சுமார் 17,000 டன் உதவாதவை. அவற்றை அழிக்கவே 3 கோடியே 40 லட்சம் டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தைத் தானம் செய்யலாகாது என்று 1996-இல் உலக சுகாதார நிறுவனம் நெறி வகுத்தது. அண்டையிலுள்ள கேரளத்திலும் 2025-இல் மிஞ்சிய மருந்துகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். எடுத்துக் கொடுப்பதற்கல்ல, முறைப்படி எரிப்பதற்கு.

அப்படியானால் டெல்லியில் வீடு வீடாய் நடந்து மருந்து யாசித்து ஏழைகளுக்குச் சேர்ப்பித்த 'மெடிசின் பாபா' ஓம்கார்நாத் சர்மா செய்தது தவறா? அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. 2008-இல் மெட்ரோ பாலம் இடிந்து கூலிகள் அடிபட்டதும், மருந்துக்கு அவர்கள் பட்ட பாடும் அவர் மனத்தை உலுக்கின. அமெரிக்காவில் அயோவா மாநிலம் 2007 முதல் இதை ஒரு முறையாகவே செய்துவருகிறது. ஆனால் அங்கே முத்திரை பிரியாததை மட்டும் வாங்கி, தேதி பார்த்து, மருந்தாளுநர் சோதித்த பிறகே இன்னொருவர் கைக்குப் போகிறது. சோதிக்கிற அந்த ஆளுக்குச் சம்பளம் உண்டு. சரியானபடி வைக்கும் இடத்துக்கு வாடகை உண்டு. இலவசமாக வந்த மருந்து இலவசமாகவே போய்ச் சேருவதில்லை.

அந்தச் செலவை ஏற்க நான் தயாராக இல்லை. ஏற்காமல் கொடுத்தால், அதை அந்தத் தாயின் உடம்பு ஏற்க வேண்டும். என் அக்காளுக்கு நான் கொடுக்கத் துணியாத மாத்திரையை அவர் ஆத்தாளுக்குக் கொடுப்பது தருமமென்றால், உயிருக்கு இரண்டு விலை என்று நான் ஒப்புக்கொண்டவனாகிறேன்.

சீட்டை வாங்கி, அதில் எழுதியிருந்ததை ஒரு மாதத்துக்கு என் பணத்தில் வாங்கிக் கொடுத்தேன். அவர் கும்பிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த மாதம் அவர் யாரிடம் கையேந்துவார்?

டப்பா இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அதைக் கொடுக்காதது சரி என்று என் அறிவு சொல்கிறது. கொடுக்காததால் மட்டும் நான் நல்லவனாகிவிடவில்லை என்று அந்த டப்பா சொல்கிறது.