நான்காவது ஆள்



திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். முதல் மூன்றும் எல்லாருக்கும் நினைவில் நிற்கும். நான்காவது ஆளைத்தான் மறந்துவிடுகிறோம். உரை எழுதிய பரிமேலழகர் அந்த ஆளுக்கும் நான்கு இலக்கணம் வைக்கிறார்: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்தல், அறிவு. கவனியுங்கள், அந்தப் பட்டியலில் பணம் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், புக்கிட் செந்தோசாவில் நம் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வருகிற நண்பர் ஒருவருக்கு இப்போது அந்த நான்காவது ஆள் தேவைப்படுகிறார். தோட்டத்தில் பிறந்தவர். லயத்தை விட்டு வந்தபின் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய், அந்த வேலையும் போய், சில வருஷம் கடைகளின் ஐந்தடியில் படுத்துக் கிடந்தவர். இன்று ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஜாகா வேலை பார்த்துச் சொந்தக் காலில் நிற்கிறார். அந்தக் காலில்தான் புண். இனிப்பு நீர். கவனிக்காமல் விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அரசாங்க ஆஸ்பத்திரிதானே அண்ணே, ஒரு வெள்ளிக்கு என்ன பெரிய செலவு?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி, நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. ஆனால் கோல குபு பாருவுக்கோ சுங்கை பூலோவுக்கோ போய்வர வண்டிக்காசு வேண்டும். கட்டு மாற்ற அடிக்கடி போக வேண்டும். போகிற நாளெல்லாம் சம்பளம் இல்லை. காலுக்கேற்ற செருப்பு, பார்த்துச் சாப்பிடுகிற சாப்பாடு, எல்லாம் கைக்காசு. சம்பளம் குறைந்தால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் மறுபடியும் ஐந்தடி. அங்கே எந்தப் புண்ணும் ஆறாது. விரல் போவதைவிட அறை போய்விடுமோ என்றுதான் அவர் பயப்படுகிறார்.

இந்த இடத்தில் காசியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1900-ஆம் ஆண்டு ஜூன் மாதம். யாமினி ரஞ்சன் மஜும்தார் என்ற இளைஞர், தெருவோரம் விழுந்து கிடந்த ஒரு மூதாட்டியைப் பார்த்தார். இவர் கையிலும் காசு இல்லை. வழியில் போனவரிடம் கேட்டு நாலணா வாங்கி, சூடான பால் வாங்கிக் கொடுத்தார். விவேகானந்தர் வங்காளியில் ஒரு தோழனுக்குச் சொல்வதுபோல் எழுதிய பாடலைப் படித்து உருகிய இளைஞர்கள் அவரும் அவர் நண்பர் சாருசந்திர தாஸும். அந்த நாலணாவில் தொடங்கியதுதான் காசியில் இன்று மருத்துவமனையாக நடக்கும் இராமகிருஷ்ண மிஷன் சேவாசிரமம்.

அதற்கு முதலில் வைத்த பெயர் ஏழைகள் நிவாரணச் சங்கம். 1902-ல் காசிக்கு வந்த சுவாமிஜி அந்தப் பெயரை மாற்றச் சொன்னார். நிவாரணம் கொடுக்க நாம் யார்? சேவை செய்யத்தான் நமக்கு உரிமை என்பது அவர் எண்ணம்.

இந்த வித்தியாசம் நமக்கு முக்கியம். நண்பரின் புண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பணம் சீக்கிரம் சேரும்தான். பெரிய மாதிரி காசோலையைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றால் பத்திரிகையிலும் வரும். ஆனால் தெருவிலிருந்து எழுந்து வந்த மனிதரை அந்தப் படம் மறுபடி தெருவில் உட்கார வைத்துவிடும். அவர் நண்பர். என்ன வேண்டும் என்று முதலில் அவரைக் கேட்போம். "வாடகையை மட்டும் மூணு மாசம் பாத்துக்குங்க, மிச்சத்த நான் பாத்துக்குறேன்" என்கிறார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

கேட்காத சிலவற்றையும் நாம் செய்யலாம். கார் இருப்பவர் மாதத்தில் ஒரு காலை நேரத்தைக் கொடுங்கள். மலாய் நன்றாக எழுதுபவர் சமூக நல இலாகா பாரத்தை அவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. செலவுக்குத் திண்டாடுபவர்கள் அங்கே போய்ப் பேசலாம். தனியாகப் போகத் தயங்குவார், கூடப் போங்கள். டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். பரிமேலழகர் சொன்ன அறிவு இதுதான்.

திருவிழா உபயத்துக்கு நாம் போட்டி போட்டுப் பெயர் கொடுக்கிறோம். நல்லது, விடவேண்டாம். ஆனால் நடமாடும் கோயிலாகிய அடியாருக்குக் கொடுப்பது கோயிலில் இருக்கும் இறைவனுக்கும் போய்ச் சேரும் என்று திருமூலர் சொல்லியிருக்கிறார். நம் நடமாடும் கோயில் இன்று நொண்டி நடக்கிறது. இதுவும் உபயம்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பெயர் கொடுங்கள். மூன்று மாத வாடகை, வாரம் ஒரு வண்டி, கூடப் போக ஓர் ஆள். நாலணா இருந்தாலும் போதும், தொடங்கலாம்.

திருச்சிற்றம்பலம்.