கடலுக்குப் பட்ட கடன்



நம் ஊரில் கடலை நம்பாத வீடு அரிது. ஒரு வீட்டில் தகப்பன் வலை இழுக்கிறார். அடுத்த வீட்டில் மகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மூன்றாம் வீட்டாருக்கு உப்பளத்தில் கூலி. ஆகவே துறைமுகத்தைப் பசுமையாக்கும் பேச்சு அதிகாரிகளுக்கு மட்டும் உரியதல்ல. அதில் நம் ஒவ்வொருவருடைய மனச்சாட்சிக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. துறைமுகம் கடலுக்குச் செய்யும் நன்மை தர்மமா, அல்லது கடனா?

இரண்டுக்கும் பேதம் பெரிது. தர்மம் செய்கிறவன் தனக்கு இஷ்டமானதை, இஷ்டமான அளவு கொடுக்கலாம். கொடுத்தபின் நல்ல பெயரும் வாங்கலாம். கடன் தீர்க்கிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. யாருக்குப் பாக்கி, எவ்வளவு பாக்கி என்று அவன் கேட்டே ஆகவேண்டும். ஏழாம் கற்பனையைப் பற்றி ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறீர்கள். பிறர் பொருளை எடுத்தவன் மனஸ்தாபப்பட்டால் மட்டும் போதாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

நம் துறைமுகம் கடலிடம் எதை எடுத்தது? 1964-ல் அடிக்கல் நாட்டி, 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இது, மனிதர் கையால் உண்டானது. கடலுக்குள் கல்லைக் கொட்டி, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்களை எழுப்பினார்கள். கடலடியைத் தோண்டி ஆழப்படுத்தாமல் பெரிய கப்பல் உள்ளே வராது. தோண்டும்போது கலங்கும் சேறு பவளத்தின்மேல் படிந்தால், வெயில் படாமல் பவளம் சாகும். பவளம் செத்த இடத்தில் மீன்குஞ்சுக்கு மறைவிடம் ஏது? மூடாத நிலக்கரிக் குவியலின் தூளைக் கச்சான் காற்று கடலுக்குள் தள்ளும். கொண்டல் ஊருக்குள் கொண்டுவரும்.

ஆயினும் எல்லா நஷ்டத்தையும் துறைமுகத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அப்போது இந்தத் துறைமுகத்துக்கு அடிக்கல்கூட நாட்டவில்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததும் கரையில் வாழ்ந்த மனிதர்தாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கியதற்கு அந்த வெட்டு ஒரு முக்கிய காரணம். ஆகவே கடன் பத்திரத்தில் பல பேருடைய கையெழுத்து இருக்கிறது.

திருப்பிக் கொடுக்க முடியுமா என்று மலைக்க வேண்டாம். 1969-ல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த வான் தீவு, 2015-ல் 2 ஹெக்டேருக்கும் கீழே சுருங்கிப்போயிற்று. பின்பு அதன் அருகே செயற்கைப் பாறைத்திட்டுகளை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்தது. தீவு மூழ்காமல் தப்பியது, சிறிது வளரவும் செய்தது. மனம் இருந்தால் ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுக்கலாம் என்பதற்கு இது நம் கண்முன் உள்ள சாட்சி.

துறைமுகமும் சும்மா இருக்கவில்லை. சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கிறது. 2025 செப்டம்பரில், தண்ணீரிலிருந்து பசுமை ஹைட்ரஜன் பிரிக்கும் சிறிய சோதனை நிலையம் அதன் வளாகத்திலேயே திறக்கப்பட்டது.  கட்டி நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அதன் எஞ்சினை நிறுத்தலாம், புகை குறையும். இவையெல்லாம் பாராட்டத்தக்கவை.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட ‘ஹரித் சாகர்’ வழிகாட்டு நெறிகள், கையாளும் சரக்கில் டன் ஒன்றுக்கு வெளியாகும் கரியமில வாயுவை 2030-க்குள் 30 சதவீதம் குறைக்கச் சொல்கின்றன. நல்லதே. என்றாலும் டன்கள் இரட்டிப்பானால் மொத்தப் புகை குறையுமா, கூடுமா? 7,056 கோடி ரூபாய்த் திட்டமான வெளித்துறைமுகத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. சரக்கு பெருகவே போகிறது. கடன் கொடுத்தவனுக்கு வேண்டியது மொத்தக் கணக்கு. சேறு எங்கே படிந்தது, எந்தப் பாடு மீனிழந்தது, யாருடைய வலை வெறுமையாக வந்தது என்று கேட்காமல், தகடுகளை மட்டும் எண்ணிக்காட்டுவது தர்மம் செய்கிறவனுடைய கணக்கு.

“கடல் யாருக்கும் சொந்தமில்லையே, அதனிடம் கடன்படுவது எப்படி?” என்று சிலர் கேட்கக்கூடும். யாருக்கும் சொந்தமில்லாதது அல்ல, எல்லாருக்கும் ஒப்படைக்கப்பட்டது. அதைக் கெடுத்தால் இன்று வலை போடுகிறவனும், இன்னும் பிறவாத குழந்தையும் நஷ்டப்படுகிறார்கள். “துறைமுகம் இல்லாவிட்டால் சோறு ஏது?” என்பதும் நியாயமான கேள்வியே. துறைமுகத்தை மூடச் சொல்லவில்லை. சோறு போடுகிறவனும் கடனைத் தீர்க்கத்தான் வேண்டும்.

நம் முன்னோருக்கு இது தெரிந்த பாடம். முத்துக்குளிப்புக்கு முன்னே பாரைச் சோதித்து, சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார்கள். பருவம் வரவில்லையென்றால் குளிப்பு இல்லை, ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பார்கள். ஆசைக்கு முன்னே சோதனை, ஆதாயத்துக்கு முன்னே பொறுமை என்பதே அந்த ஒழுங்கு. கடலைத் தோண்டப் போகிறவர்களும் முதலில் பாரைப் பார்க்கட்டும்.

நமக்கும் பங்கு உண்டு. விசைப்படகின் கழிவு எண்ணெயைக் கடலில் ஊற்றாதிருங்கள். அறுந்த வலையைக் கரைக்குக் கொண்டுவாருங்கள். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் கரி லாரியின் படுதாவைச் சரியாகக் கட்டுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் தவறாமல் போய், கோபமின்றி, பயமுமின்றி, கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். பாக்கி இன்னதென்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் எந்தக் கடனும் தீராது. கடலுக்கு வாய் இல்லை. அதற்காகப் பேச வேண்டியவர்கள் அதன் சோற்றைத் தின்று வளர்ந்த நாம்தாம்.