இசைதலும் படைத்தலும்

படைப்பு என்னும் சொல்லைக் கேட்டதும் தனித்திருக்கும் ஒருவனின் உருவமே பெரும்பாலும் மனக்கண்முன் தோன்றுகின்றது. கதவடைத்த அறையிலே கவிஞன். வெறுமையான திரைச்சீலையின் முன்னே ஓவியன். அவன் எவரையும் பின்பற்றாதவன்; பின்பற்றாமையே அவன் பெருமை எனவும் கருதப்படுகின்றது. இக்கருத்து எவ்வளவு தூரம் மெய்யானது? பிறர் காட்டும் திசையிலே அடியெடுத்து வைப்பவர் படைப்பாளி ஆதல் கூடுமா? இவ்வினா கலைக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியர் மாணவர் உறவுக்கும் ஆண் பெண் உறவுக்கும் உரியது.

இதனை ஆராய்தற்பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்ளலாம். மானிப்பாயிலே முப்பது ஆண்டுகள் சித்திரம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கடல் கடந்து வாழும் மகளிடம் சென்று சில காலம் தங்குகின்றார். அங்கு முதியோருக்கென நடைபெறும் போல்றூம் நடன வகுப்பொன்றிலே முதலிற் பார்வையாளராக அமர்கின்றார். பின்னர் தயக்கத்தோடு தாமும் ஆடப் பழகுகின்றார். ஊர் திரும்பிய பின்னர் அவர் மனத்தை அலைக்கழிப்பது அந்நடனமன்று. தமது முப்பது ஆண்டுக் கற்பித்தலைப் பற்றி அந்நடனம் எழுப்பிய ஐயமே.

அவருடைய தயக்கத்துக்கு ஊரின் வரலாற்றிலேயே காரணம் உண்டு. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பற்றியவாறு சுழலும் வோல்ட்ஸ் நடனம் ஆங்கிலேய அரசவை விருந்தில் இடம்பெற்றமையை இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகை கடுமையாகக் கண்டித்தது 1816ஆம் ஆண்டிலாகும். அதே ஆண்டிலேதான் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். மானிப்பாய் அவர்தம் நிலையங்களுள் ஒன்றாயிற்று. அவர்கள் கொணர்ந்த ஒழுக்கநெறி ஆடலை ஐயத்தோடு நோக்கியது. மறுபுறத்தில், ஆறுமுக நாவலர் (1822–1879) கோயில்களிலே நிகழ்ந்த தேவதாசியர் ஆடலைக் கண்டித்தார். சமயத்தால் எதிரெதிர் நின்ற இரு சாராரும் இவ்வொன்றில் உடன்பட்டமை கருதத்தக்கது. ஆயின், மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியாரின் மனைவிக்கு மருமகன் முறையினரான ஆனந்த குமாரசுவாமியே, 1918இல் வெளியான 'சிவ நடனம்' என்ற தம் ஆங்கில நூலினாலே ஆடலின் தத்துவத்தை மேலுலகுக்கு விளக்கினார். கூத்தப்பிரானின் ஐந்தொழில்களுள் முதலாவது படைத்தல். அதனைக் குறிப்பது உடுக்கை ஏந்திய கரம். இவ்வாறு, ஆடல் இழிவானது என்ற எண்ணமும் ஆடலே படைப்பின் வடிவம் என்ற எண்ணமும் ஒரே மண்ணோடு தொடர்புற்றிருக்கின்றன.

இனி, இணைந்தாடும் நடனம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை நோக்குவோம். வோல்ட்ஸ் மூன்று அடிகொண்ட தாளத்துக்கு ஆடப்படுவது. அதன் அடிவைப்புகள் 1920களில் இங்கிலாந்து நடன ஆசிரியர்களால் வரையறுக்கப்பட்டு, இன்று உலகெங்கும் பயிலப்படுகின்றன. எனினும் எந்த அடியின் பின் எந்த அடி வரும் என்பதை மண்டபத்திலே ஆடும் கணமே தீர்மானிக்கின்றது. வழிகாட்டுபவர் வாய்திறந்து எதுவும் கூறுவதில்லை. தம் உடலின் எடையை ஒரு புறம் சாய்த்து ஒரு திசையை முன்மொழிகின்றார். உடன் ஆடுபவர் அக்குறிப்பை உணர்ந்து அதனை நிறைவு செய்கின்றார். அவர் முந்திக்கொண்டு தாம் அறிந்த அடியை வைத்தால் ஆடல் குலையும். தம் எடையைத் தாமே தாங்காமல் மற்றவர்மேற் சாய்ந்தாலும் குலையும். ஆகவே, பின்செல்பவர் தம் காலில் தாம் நிற்றல் வேண்டும். அதேவேளை மற்றவரின் மிகச் சிறிய அசைவையும் செவிமடுத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைவது எளிதன்று. வழிகாட்டுபவருக்கும் கடமை உண்டு: துணைவரின் அடி நீளத்தையும் மூச்சையும் அறிந்து அடுத்த குறிப்பை அவர் மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

இவ்வுண்மை நம்மவர்க்குப் புதியதன்று. பின்னற் கோலாட்டத்திலே ஒவ்வொருவர் கையிலும் ஒரு கயிறு. ஒருவர் உள்ளே செல்ல மற்றவர் வெளியே வரவேண்டும். மேலே பின்னல் உருவாகும். அப்பின்னல் எவருடைய படைப்பு? எல்லாருடையதுமாகும். கூத்திலே அண்ணாவியாருக்கும் ஆடுவோருக்கும் பின்னின்று பிற்பாட்டுக்காரர் பாடாவிடில் களரி வெறிதாகும். பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது பல்கலைக்கழக மாணவர் கண்டதும் இக்கூட்டுப் படைப்பின் ஆற்றலையே. மானிப்பாய்க்கு அணித்தான இணுவிலிலே பிறந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975), நாதசுவரத்துக்குப் பக்கவாத்தியமாக அமைந்த கருவியினாலேயே பெரும் புகழ் எய்தினார். பக்கவாத்தியம் என்பதனால் அவரைப் படைப்பாளி அல்லர் எனக் கூறத் துணிவார் யார்?

ஆயினும் இவ்விடத்திலே வலிய தடையொன்று எழுகின்றது. "பின்பற்றுதலும் படைப்பே" எனக் கூறுவது, பின்பற்றுமாறு பணிக்கப்பட்டோரை அந்நிலையிலேயே அமர்த்தி வைப்பதற்கு உதவும் இனிய சொல்லாகிவிடாதா? போல்றூம் நடனத்திலே வழிகாட்டும் பங்கு ஆணுக்கும் பின்செல்லும் பங்கு பெண்ணுக்கும் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டிருந்தது. நம் சமூகத்திலும் பெண்ணும், மாணவனும், பிறப்பினாலே தாழ்த்தப்பட்டவனும் பின்செல்லவே விதிக்கப்பட்டனர். அவர்களது இசைவை எவரும் கேட்டாரல்லர். இத்தடையைப் புறந்தள்ளுதல் நேர்மையன்று.

இதற்கு விடை காண, பணிதலையும் இசைதலையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். இரண்டும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டை அறிதற்குரிய உரைகல் ஒன்றே: பின்செல்பவரின் விடை முன்செல்பவரின் அடுத்த அடியை மாற்றுகின்றதா? மாற்றுமாயின் அது இசைதல், மாற்றாதாயின் பணிதல். அத்துடன், பின்செல்பவர் விலகிக்கொள்ளவும், வேண்டுமிடத்துத் தாமே வழிகாட்டவும் உரிமையுடையவராதல் வேண்டும். இக்காலத்தில் ஆடுவோர் பலர் இரு பங்குகளையும் மாறி மாறிப் பயில்வது இவ்வகையில் வெறும் புதுமை நாட்டமன்று; நடனத்தினுள்ளே எப்போதும் இருந்த ஓர் உண்மை வெளிப்படுதலே ஆகும்.

நம் சித்திர ஆசிரியரின் மனத்தை உறுத்துவதும் இவ்வுரைகல்லே. கரும்பலகையிலே அவர் ஒரு குடத்தை வரைவார். நாற்பது பிள்ளைகள் அதே குடத்தை வரைவர். கோடு பிறழாத குடத்துக்கு நிறைந்த புள்ளி. குடத்தின் கழுத்தைக் கோணலாக்கி அருகே ஒரு காகத்தையும் வரைந்த பிள்ளைக்குக் குறைந்த புள்ளி. அந்தக் காகம் அவருக்கு அளிக்கப்பட்ட ஒரு விடை. அவ்விடையால் அவருடைய அடுத்த பாடம் மாறியதா? மாறவில்லையெனின், அவர் முப்பது ஆண்டுகள் கற்பித்தது பணிதலையேயாகும். கோடு பயில்தல் வேண்டாமென்பது இதன் பொருளன்று. அடிவைப்பு அறியாதவர் ஆடல் இயலாது. கோடு பயிலாதவர் வரைதலும் இயலாது. பயிற்சி தவறன்று, பயிற்சியோடு உரையாடல் முடிந்துவிடுதலே தவறு.

தனித்திருந்து வரையும் ஓவியனும் உண்மையிலே தனித்தவனல்லன். இரவீந்திரநாத தாகூர் தம் கையெழுத்துப் பிரதிகளிலே அடித்த சொற்களின் கோடுகளை இணைத்து உருவங்களாக்கியதிலிருந்தே அவரது ஓவிய முயற்சி வளர்ந்தது. 1930இல் பாரிசிலே முதற் கண்காட்சி நிகழ்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்பது. பிழையெனத் தள்ளப்பட்ட கோடு ஒரு திசையை முன்மொழிந்தது. முதிய கவிஞர் அதற்கு இசைந்தார். நீர்வண்ணம் தாளிலே தானாகப் பரவுவதைக் கண்டு தூரிகையை நகர்த்தும் ஒவ்வொருவரும் இதனை அறிவர்.

யாழ்ப்பாணத்துச் சித்திர ஆசிரியர் அ. மாற்கு (1933–2000) ஈண்டு நினைக்கத்தக்கவர். 1995இன் பேரிடப்பெயர்விலே அவருடைய ஓவியங்கள் பல இழக்கப்பட்டன. படைப்பென்பது தனியொருவன் ஆக்கிவைத்த பொருள் மட்டுமே எனின், அவ்விழப்போடு அவர் படைப்புலகில் ஒரு பெரும்பகுதி முடிந்ததெனல் வேண்டும். ஆனால் அவரிடம் பயின்றோர் அவரைப் படியெடுத்தவராக நில்லாது தத்தமக்குரிய கோடுகளைக் கண்டடைந்தனர். மாணவனிடமிருந்து எழும் விடைக்கு இடம்விட்ட ஆசிரியரின் படைப்பு, அம்மாணவனின் கையிலே தொடர்கின்றது.

நம் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு இனி வகுப்பறை இல்லை. எனினும் மாலைப்பொழுதிலே பேரப்பிள்ளை ஒன்று தாளும் வண்ணமும் கொண்டு அவரருகே வந்து அமரக்கூடும். அப்போது அவர் ஒரு கோட்டை இட்டுவிட்டுக் காத்திருக்கலாம். அப்பிள்ளை இடும் கோட்டைக் கண்டபின் தம் அடுத்த கோட்டை இடலாம். முதுமையிலே நடன மண்டபத்திற் கற்ற பாடம் வீண்போகவில்லை என்பதற்கு அத்துணையே போதிய சான்றாகும்.