அந்தக் கடலோரத்தில் யாருமில்லையா?

1886 செப்டம்பரில் குளோத் மோனே பிரான்சின் பிரிட்டனிக் கரைக்கு அப்பாலுள்ள பெல்-ஈல் தீவுக்குப் போனார். சில நாள் தங்கத்தான் போனார். நவம்பர் கடைசியில் திரும்பும்போது சுமார் நாற்பது ஓவியங்களைத் தொடங்கியோ முடித்தோ இருந்தார். போர்-கொத்தோன் பாறைகளை வரைந்த படங்களில் மனிதர் எவரும் இல்லை. கடல் மேல்விளிம்பு நோக்கி ஏறுகிறது. வானத்துக்கு ஒரு கீற்றுதான் இடம். கறுப்பாகத் தெரியும் பாறையை உற்றுப் பார்த்தால் ஊதா, பச்சை, செம்பழுப்பு. எனக்கு இவை மிகவும் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இவற்றைப் புகழ்கிறவர்கள் விடாமல் பிடித்துக்கொள்ளும் சொல் 'தனிமை'. ஒற்றை ஆண், எதிரே கொந்தளிக்கும் கடல், காற்று தூக்கிப் போகாதபடி கயிற்றால் கட்டிய ஓவியத் தாங்கி. இந்தச் சொல்லோடுதான் என் வழக்கு. தாங்கியையும் பெட்டியையும் பாறைவரை சுமந்தவர் பொலி என்ற தீவுக்காரர். அவருக்குக் கூலி கிடைத்தது; மோனே வரைந்த அவருடைய உருவப்படமும் இருக்கிறது. ஜிவெர்னியில் வீட்டைச் சுமந்தவர் அலிஸ் ஓஷெதே. அவருடைய ஆறு பிள்ளைகள், இறந்துபோன கமீலுக்கும் மோனேவுக்கும் பிறந்த இருவர் என எட்டுப் பேர் கொண்ட குடும்பம் அது. அலிஸின் கணவர் அப்போது உயிரோடிருந்தார். ஆக மோனேவின் மனைவி என்ற பெயர்கூட அவருக்கு இல்லை. மோனே அவருக்கு ஓயாமல் கடிதம் எழுதினார்: மழை, காற்று, வேலை ஓடாத நாட்கள். அந்தப் புலம்பலைக் கேட்பதும் ஒரு வேலைதானே?

இதனால் ஓவியம் குற்றவாளியாகுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலைக்குப் பாலினம் தேடும் விமர்சனத்தில் எனக்கு ஆர்வமும் இல்லை. ஆனால் அந்த இரண்டரை மாதத்தை மேதைமை மட்டும் ஈட்டியது என்று சொல்வதில் ஒரு பொய் இருக்கிறது. அந்த நாட்களை அலிஸும் கொடுத்தார். கொடுத்தவர் பெயரை விட்டுவிட்டு வாங்கியவரின் தவம் என்று எழுதுகிறோம்.

பெர்த் மொரிசோவும் கடலோரம் வரைந்தவர்தான். 1875இல், மணமான புதிதில், இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்தார். வெளியே நின்று வரைய முடியாமல் காற்று படுத்தியதையும், வயலில் போய் நின்றால் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டதையும் அக்காவுக்கு எழுதினார். அங்கே அவர் வரைந்த ஒரு படத்தில் கணவர் ஜன்னலோரம் அமர்ந்து வெளியே பார்க்கிறார். பூந்தொட்டிகள், வேலி, நடந்துபோகும் ஒரு பெண்ணும் சிறுமியும், அப்பால் படகுகள். மொரிசோ அறைக்குள் நிற்கிறார். கடலுக்கு முன்னால் ஜன்னல் சட்டம், திரைச்சீலை, கணவர்.