தீராத நோயும் செய்ந்நன்றியறிதலும்: குறள்வழி ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

நோய் நீங்கியபின் நன்றி பிறத்தல் இயல்பு. திருநாவுக்கரசரின் சூலைநோய் திருவதிகையில் தீர்ந்ததைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. வாதநோயால் வருந்திய மேல்புத்தூர் நாராயண பட்டதிரி, குருவாயூரில் நாராயணீயத்தைப் பாடி முடித்து நலம்பெற்றார் என்பது கேரள மரபு. இவ்விரு வரலாறுகளிலும் நோய் முடிவுக்கு வருகிறது. முடிவு காணாத நோயுடன் வாழ்பவருக்கு நன்றி என்னும் அறம் எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தீராமையின் இயல்பு

சரக சங்கிதை தீராத நோய்களுள் ஒருவகையை ‘யாப்பியம்’ எனப் பிரித்துக் கூறுகிறது. அது முற்றும் நீங்காது. ஆயினும் இடையறாத மருத்துவத்தால் உயிர் தாங்கப்பெறும். 1922இல் இன்சுலின் மருத்துவப் பயன்பாட்டிற்கு வந்தபின், அதுவரை உயிரைப் பறித்துவந்த இளம்பருவ நீரிழிவு இத்தகையதாயிற்று. சிறுநீரகம் செயலிழந்தவர் பொதுவாக வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்துடன் பிணைக்கப்பட்டுக் கிடக்கிறார். அழைத்துச் செல்வோர், ஊசி செலுத்துவோர், உப்பையும் நீரையும் அளந்து தருவோர் எனப் பலரது உழைப்பில் அவரது வாழ்வு நடைபெறுகிறது. திருப்பிச் செலுத்தவியலாத கடன்பட்டோம் என்னும் கூச்சம் அவரை வருத்துகிறது. உயிரோடிருப்பதற்கே நன்றி பாராட்ட வேண்டும் என்னும் பிறர் அறிவுரை அதனை மேலும் மிகுவிக்கிறது.

அறிதல் என்னும் அறம்

திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். செய்பவர் ஒருவர் இருத்தல், செய்தது நன்மையாதல், பெற்றவர் அதனை அறிதல் ஆகிய மூன்றும் இப்பெயரிலேயே அடங்கியுள்ளன. நோய் எவர்க்கும் நன்மை செய்யக் கருதி வருவதன்று. ஆகவே நோய்க்கே நன்றி கூறுக என்பது இவ்வறத்தின்பாற் படாது. மேலும், அறிதல் வேறு, மகிழ்தல் வேறு. வலியால் துடிப்பவரும் தம் கையைப் பற்றிய கையை அறிவர். துயரும் நன்றியும் ஓருள்ளத்தில் உடனுறைதல் முரணாகாது.

மருந்தின் நான்கு கூறுகள்

மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் (950), நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நால்வகையும் சேர்ந்ததே மருந்து என்கிறது. இதன்படி, பேணுபவரின் உழைப்பு மருத்துவத்திற்குப் புறம்பான சலுகையன்று. நோயுற்றவரும் வெறும் பயனாளி அல்லர். மருந்தின் ஒரு கூறாவார். நோயின் நிலையை உணர்த்துதலை அவர்க்குரியவற்றுள் ஒன்றாகப் பரிமேலழகர் எண்ணுகிறார். எனவே நன்றியின் பெயரால் அவரது முறையீட்டை அடக்குதல் மருந்தையே குறைபடுத்துவதாகும்.

பொருளுடைமையையும் பரிமேலழகர் அவ்வரிசையில் வைப்பது ஈண்டு நோக்கத்தக்கது. வறியோர்க்குக் கட்டணமின்றி டயாலிசிஸ் வழங்கும் தேசியத் திட்டம் 2016இல் தொடங்கப்பெற்றது. உரிமையாகப் பெறுவதற்கு எவரும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. எனினும், வலி குறையுமாறு பார்த்து ஊசி செலுத்தும் செவிலியின் கனிவை எத்திட்டமும் விதித்துவிட இயலாது. அறியப்பட வேண்டிய நன்றி அதுவேயாம்.

நிறைவுரை

உதவியின் அளவு உதவியைப் பொறுத்ததன்று, பெற்றவரின் சால்பைப் பொறுத்தது என்பது வள்ளுவர் கருத்து (105). ஆகவே பெறுபவர் வெறுங்கையர் அல்லர். செய்யப்பட்ட நன்மை முழுமையுறுவது அவரிடத்தேயாம். பேணிக் களைத்த துணையை, ‘இன்று நீ சற்று உறங்கு’ என்று கூறும் ஒரு சொல்லிலும் அச்சால்பு வெளிப்படும். அச்சொல்லால் நோய் தீராது. ஆயினும், அதனைக் கூறுபவர் அப்பொழுது கடனாளியாக இருப்பதில்லை.